மோடத்துக்குள் ஒரு ஹலோ

போன வாரம் புதுக் கைப்பேசி வாங்கினேன். மின்னஞ்சல் முகவரியும் கடவுச்சொல்லும் கேட்டது, கொடுத்தேன். 'முடிந்தது' என்றது. எனக்குக் கோபமே வந்துவிட்டது. இந்த வேலையைச் செய்ய ஒரு காலத்தில் என்னைச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தார்கள், தெரியுமா?

தொண்ணூறுகளின் பிற்பாதி. தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் ஏற்றுமதி அலுவலகம். புதுத்துணியின் கஞ்சி வாசனை படியேறி எங்கள் மேசைவரை வரும். அங்கே மின்னஞ்சலுக்கான சர்வரை அமைத்தவன் நான். அரைமணிக்கு ஒருமுறை மோடம் என்ற பெட்டி தானாகவே இணைய நிறுவனத்தின் தொலைபேசி எண்ணைச் சுழற்றி, போக வேண்டிய அஞ்சல்களை அனுப்பிவிட்டு, வந்தவற்றை வாங்கிக்கொள்ளும். அதைப் புரிந்தவன் அந்த மாடியில் நான் ஒருவன்தான். அந்தத் திமிர் என் நடையிலேயே தெரியும்.

முதலாளி திருநெல்வேலிக்காரர். மோடம் போடும் இரைச்சல் அவருக்கு ஆகாது.

"ஏ தம்பி, என்னடே இது, இப்படி ஊளையிடுது? வாய அடைச்சு வை."

அதன் ஸ்பீக்கரை அணைத்தேன். அதே கையோடு, இணைய நிறுவனம் புதிதாகக் கொடுத்திருந்த எண்ணையும் அடித்து வைத்தேன். சரிபார்க்கவில்லை. நான் அடித்ததை நானே சரிபார்ப்பதாவது!

மூன்று நாள் ஒரு அஞ்சலும் வரவில்லை. ஜெர்மனிக்காரர் ஆர்டரை உறுதி செய்தாரா இல்லையா என்று முதலாளி என் மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தார். "கேபிள்ல மழைத்தண்ணி எறங்கியிருக்கும் சார்" என்றேன். மழையே பெய்யவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம், வேறு வழியில்லாமல், முதலாளி பக்கத்தில் நிற்க, ஸ்பீக்கரைத் திறந்துவிட்டேன். மோடம் எண்ணைச் சுழற்றியது. மறுமுனையில் யாரோ எடுத்தார்கள். பெட்டிக்குள்ளிருந்து ஒரு பெண்குரல்.

"ஹலோ... ரகுவா? அமெரிக்காலேர்ந்துதானே? கீ கீன்னு சத்தந்தான் கேக்கறதுடா. வெச்சுட்டு மறுபடி போடு. அம்மா போன் பக்கத்துலயே உக்காந்துண்டிருக்கேன்."

எண்ணில் இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி அடித்திருந்தேன். மூன்று நாளாக அரைமணிக்கு ஒருமுறை மோடம் அந்த அம்மாவைத்தான் கூப்பிட்டிருக்கிறது. திருத்தியதும் அஞ்சல்கள் கொட்டின. ஆர்டரும் அதில் இருந்தது. முதலாளி அதைப் படிக்கக்கூட இல்லை.

"மொதல்ல அந்தம்மாட்ட சொல்லிருடே."

அந்தத் தப்பு எண்ணையே சுழற்றினேன். முதல் மணியிலேயே எடுத்தார். மன்னிப்புக் கேட்டேன். சர்வர், மோடம் என்று என் மேதாவித்தனம் முழுவதையும் விளக்கினேன். "பரவால்லேப்பா" என்றார். பிறகு கேட்டார்:

"அப்போ மூணு நாளா அவன் கூப்பிடவே இல்லையா?"

அவ்வளவு வெட்கம் அதற்கு முன்னும் பட்டதில்லை, பின்னும் பட்டதில்லை.

இப்போதெல்லாம் மணி அடிக்கும்போதே யார் என்று திரையில் தெரிந்துவிடுகிறது. அவனாகத்தான் இருக்கும் என்று ஓடிவந்து எடுப்பது இனி யாருக்கும் இல்லை. அந்த அம்மாவுக்கு மூன்று நாள் அது இருந்தது. நான்தான் கூப்பிட்டுக் கெடுத்தேன்.