வெண்கலக் கெளிறும் பச்சைக் கெளிறும்

என் கணவர் கிளிநொச்சியில் விலங்கியல் படிப்பித்தவர். விடைத்தாள் திருத்தக் கொழும்புக்குப் போனவர் வரும்போது ஒரு சேலையாவது கொண்டுவருவார் என்று இருந்தேன். அவர் பொலித்தீன் பையில் நான்கு கெளிற்று மீன்களோடு பஸ்ஸால் இறங்கினார். விரல் நீளம்கூட இல்லை. மீசை மட்டும் ஊரை அதிகாரம் பண்ணும் ஒரு விதானையாருக்குக் காணும்.

"இது வெண்கலக் கெளிறு. உடம்பிலை ஒரு மினுக்கம் தெரியுதெல்லே?"

"ஓம், புளி போட்டுத் தேய்க்காத வெண்கலம்" என்றேன்.

பக்கத்து வீட்டு முஸ்லிம் அண்ணரை நாங்கள் நானா என்போம்; முல்லைத்தீவுக்காரர். சந்தையடியில் துணிக்கடை வைத்திருந்தார். எங்கள் தொட்டியைப் பார்த்து அவருக்கும் ஆசை பிடித்தது. கொழும்புப் புறக்கோட்டைக்குச் சரக்கெடுக்கப் போனபோது மூன்று வாங்கிவந்து கடையில் வைத்தார். அவருடையவை பச்சைக் கெளிறாம். தோளில் பச்சைக் கோடு ஓடுமாம். நானும் போய்ப் பார்த்தேன். எனக்கு எல்லாம் ஒரு வயிற்றுப் பிள்ளைகளாகவே தெரிந்தன. அதைச் சொன்னதும், கோயிலுக்குள் செருப்போடு போனவளைப் பார்ப்பதுபோல இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

ஒருநாள் கடையில் சாரத் துணிக்கட்டு ஒன்று தட்டிலிருந்து விழுந்து நானாவின் தொட்டி உடைந்துபோனது. மீன்களை வாளியில் போட்டு எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தார்.

"மாஸ்டர், புதுத் தொட்டி வாறமட்டும் இதுகளை வச்சிருங்கோ."

"கலந்தால் பிறகு எப்பிடிப் பிரிக்கிறது?" என்று கேட்டேன்.

"என்ட மீனை எனக்குத் தெரியாதா, தங்கச்சி?" என்றார் நானா.

"நான் படிப்பிக்கிறதே இதைத்தானே" என்றார் என் கணவர்.

புதுத் தொட்டி வந்தது. முற்றத்தில் தண்ணீர் நிரப்பிய வெள்ளைப் பேசின் ஒன்றை வைத்து ஏழையும் அதற்குள் விட்டார்கள். பயத்தில் ஏழும் வெளிறிப்போய் ஒரே சாம்பல் நிறமாகிவிட்டன. கண்ணாடிப் போத்தலில் ஒவ்வொன்றாகப் போட்டு வெயிலில் பிடித்தார்கள். கொழுத்த மீன் ஒன்று என் கணவர் நின்ற பக்கம் செம்பாகவும், நானா நின்ற பக்கம் பச்சையாகவும் மினுங்கியது.

"பச்சைக்கோடு கிடக்குது. இது என்ட."

"அது வெயில். மீனைப் பாருங்கோ நானா."

"நீங்க வந்து இஞ்சால நிண்டு பாருங்க!"

இவர் இடம் மாறி நின்றார். பச்சை தெரிந்திருக்க வேண்டும், முகம் கறுத்தது. ஆனாலும் ஒப்புக்கொள்ளவில்லை. பல்கலைக்கழகத்தில் படித்ததை இழுத்தார். நானாவுக்குக் கோபம் வந்தது.

"எல்லாத்தையும் நீங்களே வச்சிருங்க மாஸ்டர்" என்று சொல்லிவிட்டு வெறும் வாளியோடு போய்விட்டார்.

அதன்பின் இருவரும் கதைக்கவில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் இவர் இருமினால் அந்தப் பக்கம் அவர் செருமுவார். அவருடைய மனைவியும் நானும் அதே வேலியால் கறி மாற்றிக்கொண்டு சிரித்தோம்.

மாரி தொடங்கியது. கூரைத் தண்ணீரைப் பிடித்து இவர் தொட்டிக்கு மாற்றினார். அந்தக் குளிர் மீன்களுக்கு என்ன செய்ததோ, அடுத்த நாள் கண்ணாடியில் சவ்வரிசி போல முட்டைகள் ஒட்டியிருந்தன. பெற்றவையே அவற்றைத் தின்னவும் தொடங்கியிருந்தன. விலங்கியல் மாஸ்டர் வாயைப் பிளந்து நிற்க, நான் சவர பிளேட்டால் முட்டைகளைச் சுரண்டி வேறு பாத்திரத்தில் போட்டேன். பிறகு வேலிக்குப் போய்க் கூப்பிட்டேன்.

"நானா, ஓடி வாங்கோ! உங்கடையோ எங்கடையோ, ஒண்டு முட்டை போட்டிட்டுது!"

நானா சாரத்தை மடித்துக் கட்டியபடி மழைக்குள் ஓடிவந்தார். பாத்திரத்தைக் குனிந்து பார்த்தார். கோபமெல்லாம் எங்கே போனதோ தெரியாது.

"அப்ப மாஸ்டர், இனி நாங்க சம்பந்தியள்."

இவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் வாய் சும்மா இருக்குமா?

"பொம்பிளை வீடு ஆர் எண்டு முதல் சொல்லுங்கோ."

"நாங்க மாப்பிள்ளை வீடு. அதிலென்ன சந்தேகம்?"

மறுபடியும் தொடங்கிவிட்டார்கள். நான் தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனேன்.

குஞ்சுகள் வளர்ந்ததும் பாதியை நானா கடைக்குக் கொண்டுபோனார். செம்புமில்லை, பச்சையுமில்லை, குளத்துச் சேற்றின் நிறம். என்ன இனம் என்று கேட்ட சனங்களுக்கெல்லாம் அவர், "கிளிநொச்சிக் கெளிறு, கொழும்பிலயும் கிடையாது" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.