ஆர்டர் கோப்பில் வந்த குறிப்புகள்

எங்கள் பனியன் கம்பெனியில் முதலாளி அறையை விட்டால் கம்ப்யூட்டர் அறைக்கு மட்டும்தான் ஏ.சி. இருந்தது. செருப்பை வெளியே விட்டு வரவும் என்று நானே ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டியிருந்தேன். காலை ஒன்பதரைக்கு அந்தக் கதவோரம் ஒரு ஜோடி பச்சை வார்ச் செருப்பு கிடந்தால், மெர்ச்சண்டைசர் அக்கா உள்ளே வந்துவிட்டார் என்று பொருள். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் குழந்தைத் துணி ஆர்டர்கள் முழுக்க அவர் பொறுப்பில் இருந்தன. நூல் வாங்குவதிலிருந்து பெட்டி கட்டுவது வரை எல்லோரையும் "ங்க" போட்டே விரட்டுவார். "ஏனுங்க தம்பி, ஃபைல் வந்துருச்சுங்களா?" என்று கேட்பார். திரையில் காட்டினால் போதாது, அச்செடுத்துக் கையில் கொடுக்க வேண்டும்.

இரண்டாயிரத்துக்குப் பிறகான அந்த வருடங்களில் ஆர்டர்கள் ஃபேக்ஸிலிருந்து எக்ஸ்எம்எல் கோப்புக்கு மாறியிருந்தன. நிறம், அளவு, எண்ணிக்கை என்று ஒவ்வொரு விவரமும் இரண்டு அடையாளக் குறிகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும். எங்கள் சாஃப்ட்வேர் அதைப் படித்து எங்கள் கணக்கில் ஏற்றிக்கொள்ளும். மனிதர்கள் மனிதர்களுக்கு எழுதிக்கொள்ளவும் அந்தக் கோப்பில் ஓர் இடம் உண்டு. அங்கே எழுதியதை இயந்திரம் கண்டுகொள்ளாமல் தாண்டிவிடும். ஒருநாள் அந்த இடத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது: "இதை அங்கே யாராவது படிக்கிறீர்களா? போன முறை வந்த நீலம் மிக அழகு." அதைக் கண்டுபிடித்தது அக்காதான். நான் அதற்கு முன் எத்தனையோ கோப்புகளைத் திறந்திருந்தும் அந்தப் பக்கம் பார்த்ததே இல்லை.

அதற்குப் பதில் எழுதியே ஆக வேண்டும் என்று நின்றார். மெயில் அனுப்பினால் பத்துப் பேருக்கு நகல் போகும்; இதுவோ கோப்பைத் திறந்து பார்ப்பவர் கண்ணில் மட்டும் படும். ஆர்டர் கிடைத்தது என்று நாங்கள் திருப்பி அனுப்பும் கோப்பில் அக்கா சொல்வதை நான் தட்டச்சு செய்வேன். இப்படியே ஒன்றரை வருடம் ஓடியது. எழுதுவது அங்கே ஆர்டர் போடும் ஒரு பெண் என்று தெரிந்தது; அவரும் அக்காவும் ஒருவர் பெயரை ஒருவர் கேட்டுக்கொள்ளவே இல்லை. அந்தப் பெண்ணுக்குப் பள்ளிக்கூடம் போகும் மகள் இருந்தாள், பனி பெய்தால் பஸ் வராது, இவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். "உங்க தோழி என்ன சொல்றாங்க?" என்று நான் சீண்டுவேன். அக்கா காதில் விழாதவர் போலக் காகிதத்தைப் படித்துக்கொண்டிருப்பார்.

ஒருமுறை ஒரு லாட் சரக்கில் கழுத்துப் பட்டை மட்டும் கொஞ்சம் வெளுத்துப் போய்விட்டது. யாரும் கவனிக்கமாட்டார்கள் என்று சாயப்பட்டறைக்காரர் சொன்னார். அக்கா கேட்கவில்லை, சரக்கு கப்பலேறும் முன்பே நடந்ததைக் குறிப்பில் எழுதச் சொல்லிவிட்டார். அந்த வாரமே கோயம்புத்தூரிலிருந்து ஆட்கள் வந்து சாஃப்ட்வேரின் புதுப் பதிப்பைப் போட்டார்கள். கோப்புகள் வந்தாலும் போனாலும் தேவையற்றதை நீக்கிவிடும் வசதி அதில் இருந்தது. காலி வரிகளும் இடைவெளிகளும்தான் போகும் என்று நினைத்து அந்தக் கட்டத்தில் டிக் போட்டது நான். வேலை மளமளவென்று நடந்தது. முதலாளி பாராட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

குறிப்பு மட்டும் வரவில்லை. "இன்னைக்கும் ஒண்ணும் எழுதலீங்களா?" என்று அக்கா கேட்பார். "இல்லீங்க அக்கா" என்பேன். பார்க்காமலேயே சொன்ன நாட்களும் உண்டு. மூன்றாவது வாரம் அவர் அச்செடுத்த தாளை வாங்கவே வரவில்லை, ஆள் அனுப்பினார். கழுத்துப் பட்டை விஷயத்தில் அந்தப் பெண்ணின் நம்பிக்கை போய்விட்டது என்று அவராக முடிவு கட்டியிருந்தார். அந்தக் கம்பெனி ஆர்டர்களை வேறு ஆளிடம் கொடுத்துவிடும்படி முதலாளியிடம் சொல்லப் போவதாகக் கேள்விப்பட்டேன். முன்னூறு உருப்படியில் தொடங்கி அவர் ஒற்றை ஆளாக வளர்த்த வியாபாரம் அது. எனக்குச் சங்கடமாக இருந்தது, ஆனால் இதில் எனக்கு என்ன பங்கு என்று நினைத்தேன்.

மறுநாள் ஒரு கோப்பு பாதியில் நின்றுவிட, என்ன கோளாறு என்று பார்க்க, சாஃப்ட்வேர் கை வைப்பதற்கு முன் அது வந்து விழுந்தபடியே திறந்தேன். உள்ளே குறிப்பு இருந்தது. முந்தைய கோப்புகளையும் ஒவ்வொன்றாகத் திறந்தேன். மொத்தம் ஏழு குறிப்புகள். முதலாவது, "கழுத்துப் பட்டை பரவாயில்லை, முன்பே சொன்னதற்கு நன்றி." கடைசி, "மூன்று வாரமாக உங்களிடமிருந்து ஒரு வரியும் இல்லை. நான் எழுதியதில் ஏதாவது உங்கள் மனதை நோகடித்ததா?" புதுப் பதிப்பில் நான் போட்ட டிக், வந்த குறிப்புகளையும் நாங்கள் அனுப்பியவற்றையும் தேவையற்றவை என்று வழியிலேயே துடைத்திருக்கிறது.

ஏழையும் அச்செடுத்துக்கொண்டு நானே அக்காவின் மேசைக்குப் போனேன். தப்பு என்னுடையது என்று சொன்னேன். அவர் நின்றபடியே படித்தார். கடைசித் தாளை மட்டும் மறுபடி படித்தார். "என்னையாட்டவே அங்கயும் ஒருத்தி மருகிட்டு உக்காந்திருக்கறா பாருங்க" என்றார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

இன்று நான் வேறு கம்பெனியில் இருக்கிறேன். ஆர்டர் கோப்பைத் திறந்து படிப்பவர் யாரும் இங்கே இல்லை, படிக்கத் தேவையும் இல்லை. ஆனாலும் புதுப் பதிப்பு வரும்போதெல்லாம் அது எதையெல்லாம் தேவையற்றது என்கிறது என்று உட்கார்ந்து படிக்கிறேன். கூட இருப்பவர்கள் சிரிப்பார்கள்.

அந்த ஏழு தாள்களையும் படித்த அன்று அக்கா முதலாளி அறைக்குப் போகவில்லை. நேராக என் அறைக்கு வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். "டிக்கை எடுத்துட்டீங்களா?" என்றார். "எடுத்துட்டேனுங்க" என்றேன். "அப்ப நான் சொல்றதை அப்படியே எழுதோணுமுங்க. ஒண்ணையும் மாத்தக் கூடாது" என்றார். எழுதினேன். "உங்கள் மேல் எனக்குக் கோபமே இல்லை. எங்கள் கம்ப்யூட்டர் தம்பி மூன்று வாரம் நம் இருவரையும் குப்பையில் போட்டுவிட்டான். இப்போது இதை அவன்தான் தட்டச்சு செய்கிறான்."