நான்காம் கட்டிலின் அளவுகள்

நம்புவதும் விடுவதும் உங்கள் பாடு. ஆனால் இது நடந்தது. 2016ஆம் ஆண்டு, புத்தளம் கரையோரத்து வைத்தியசாலை ஒன்றில், பட்டப்பகலில். பேய்க்கு இருட்டு வேண்டும் என்று யார் சொன்னது?

நிஸ்மியா தில்லையடிக்காரி. அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் பிசியோதெரபிஸ்ட். மயங்கிக் கிடக்கும் நோயாளிகளின் தசை நாளாக நாளாகக் கரையும். அதை அளப்பது அவள் வேலை. தொடையில் நீலப் பேனாவால் ஒரு புள்ளி வைப்பாள். அதன்மேல் ஜெல் பூசி, கையடக்க ஸ்கேன் மெஷினால் தசையின் தடிப்பைப் பார்த்து மில்லிமீட்டரில் எழுதுவாள். ஒன்றுவிட்டு ஒருநாள், லுஹர் தொழுதுவிட்டு வந்து, சரியாக 2.10க்கு. அளவு வேகமாக இறங்கினால் டொக்டர் குழாய்வழிச் சாப்பாட்டைக் கூட்டுவார், கால்களுக்குப் பயிற்சி கொடுக்கச் சொல்வார்.

நான்காம் கட்டிலில் நிக்கொலஸ். கற்பிட்டிப் பக்கத்து மீனவர். திருக்கை முள் குத்தி இடது கால் அழுகி, கிருமி இரத்தத்தில் ஏறியிருந்தது. மனைவி அனஸ்தாசியா தினமும் ஒரே கேள்விதான் கேட்பாள்.

“மிஸ், இவர் திரும்ப வள்ளத்தில ஏறுவாரா?”

“கால்ல சதை இருந்தா ஏறுவார், அக்கா.”

வெள்ளிக்கிழமை 19. ஞாயிற்றுக்கிழமை 17. செவ்வாய்க்கிழமை நிஸ்மியா போர்வையை இழுத்தாள். அது புண்ணோடு ஒட்டியிருந்தது. இழுத்தபோது தோலும் சேர்ந்து வந்தது. மஞ்சள் நீர் வழிந்தது. வெயிலில் கெட்ட இறாலின் நாற்றம். ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். பிறகு அளக்காமலே 16 என்று எழுதிவிட்டாள். வியாழக்கிழமை போர்வையைத் தொடவுமில்லை. 15 என்று எழுதினாள். அருவருப்பு யாருக்கும் வரும். பொய் எழுதுவதற்கு அது ஒரு சாட்டா?

“பரவாயில்ல, சாப்பாடு இப்பிடியே போகட்டும்” என்றார் அந்த அளவுகளைப் பார்த்த டொக்டர்.

சனிக்கிழமை காலை 11.40க்கு நிக்கொலஸ் செத்துப்போனார். உடலைத் துடைக்கும்போது அனஸ்தாசியா அந்தத் தொடையைப் பார்த்தாள். எலும்பும் தோலும்.

“சதை இருக்கெண்டுதானே எழுதினீங்க, மிஸ்?”

ஞாயிற்றுக்கிழமை கற்பிட்டிச் சேமக்காலையில் அடக்கம் முடிந்தது.

திங்கட்கிழமை. அதே கட்டிலில் மஸாஹிர், இருபத்திரண்டு வயது லொறி டிரைவர். விபத்து. இன்னும் மயக்கம் தெளியவில்லை. 2.10க்கு நிஸ்மியா போர்வையை விலக்கினாள். திரண்ட தொடை.

அதில் நீலப் புள்ளி இருந்தது.

அவள் இன்னும் வைக்கவில்லை...

“மெரினா, நீங்களா வெச்சீங்க?”

“நானில்ல, மிஸ்” என்றாள் தாதி.

ஜெல்லைப் பிதுக்கினாள். எப்போதும் குளிரும். அன்று வெதுவெதுப்பாக இருந்தது. நூல் நூலாக இழுபட்டது.

இறால் நாற்றம். மெரினாவுக்கு ஒன்றும் மணக்கவில்லை.

திரையில் தசை 4 மில்லிமீட்டர். கையால் அழுத்திப் பார்த்தாள். தொடை கல்லுப்போல் இருந்தது. மறுபடி வைத்தாள்.

3...

2...

பிறகு எலும்பின் வெள்ளைக்கோடு மட்டும்.

அதன்மேல் ஏதோ நெளிந்தது. சின்னச் சின்னதாக. நிறைய.

ச்ளக்... கருவி கைநழுவித் தரையில் விழுந்தது.

விரல்களில் ஜெல் மஞ்சளாக இருந்தது. அதில் ஒரு துண்டுத் தோல் ஒட்டியிருந்தது.

எத்தனை தரம் சவர்க்காரம் போட்டும் அந்த நாற்றம் போகவில்லை. மெஷினை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டி, சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை 2.40க்கு மெஷின் திருத்தும் ஸலாஹுதீன் நானா வந்தார். அவள்தான் அலுமாரியைத் திறந்துவிட்டாள்.

“மெஷின்ல பிழையில்ல. நேத்து மஸாஹிருக்கு எடுத்த படம் இரிக்கி. 24. நல்ல சதை.”

“நான் பார்த்தது அது இல்ல, நானா.”

“நிக்கொலஸ் எண்ட ஆளுக்கும் இரிக்கி. வெள்ளி 19, ஞாயிறு 17. செவ்வாய் 12. வியாழன் 8.”

அந்த இரண்டு நாளும் அவள் கருவியை அவர்மேல் வைக்கவே இல்லை.

“சனி 6. எல்லாமே 2.10க்கு. கடைசிப் படம் நேத்து... இதென்ன, எலும்பு மட்டும்? ஆள் இப்ப எந்தக் கட்டில்ல?”

சனிக்கிழமை 2.10க்கே அவர் செத்து இரண்டரை மணித்தியாலம் ஆகியிருந்தது.

“அதுக்குக் கீழ இன்னொண்டு. இண்டைக்கி 2.10. 19 மில்லிமீட்டர். மிஸ், நோயாளி எண்ட இடத்தில உங்கட பேர்தானே இரிக்கி?”

மெஷின் பூட்டிக் கிடந்த நேரம். சாவி அவள் பையில்தான் இருந்தது.

நிஸ்மியா உடைமாற்றும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். உடுப்பை விலக்கித் தன் தொடையைப் பார்த்தாள்.

நீலப் புள்ளி. அதைச் சுற்றி ஜெல், இன்னும் காயாமல்...