பெடலுக்குள் இருந்த டிரம்ஸ்

வீட்டில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, கிட்டாரோடு இணைக்கும் எஃபெக்ட்ஸ் பெடல் என்ற சின்னப் பெட்டிக்குள் பதிந்திருக்கும் டிரம்ஸோடுதான் கிட்டார் வாசித்துப் பழகினேன். காலால் அழுத்தினால் தாளம் ஓடும்.

முதல்முறையாக ஆட்களோடு சேர்ந்து வாசிக்க, ஒரு ஞாயிறு காலை அடையாறில் ஒரு இசைக்குழு கூடும் மொட்டை மாடிக்குப் போனேன். மயிலாப்பூரில் பஸ் ஏறியதிலிருந்தே, திரும்பிவிடலாமா என்று மனம் அடித்துக்கொண்டது. வாசிக்க ஆரம்பித்ததும் பழக்கதோஷத்தில் கால் பெடலை அழுத்திவிட்டது. ஸ்பீக்கரில் இன்னொரு தாளம் கிளம்பி, டிரம்ஸ்காரரின் தாளத்தோடு முட்டியது. அவர் நிறுத்திவிட்டார்.

“இன்னா மச்சி, நான் ஒருத்தன் குந்திகினு கீறேன், கண்ணுக்குத் தெர்லயா?”

எல்லோரும் சிரித்தார்கள். ஓடிவிடலாம் போலிருந்தது. பெடலின் தாளத்தை அணைத்தேன்.

“சரி, எப்ப ஆரம்பிக்கணும், நீயே சொல்லு” என்றார்.

பெடல் என்னை அப்படிக் கேட்டதே இல்லை. தலையை ஆட்டினேன். அதையே சைகையாக எடுத்துக்கொண்டு அவர் உடனே அடிக்கத் தொடங்கிவிட்டார். என் கைதான் பதறிப்போய் அவர் பின்னால் ஓடியது.