படத்துப் பெண்ணுக்குத் தைத்த கவுன்

பாலக்கோடு பஸ் ஸ்டாண்டில் இறங்கி டெய்லர் ராஜாமணியக்கா என்று கேட்டால் சின்னக் குழந்தையும் கை காட்டும். ஐந்தாம் வகுப்போடு நின்றவர், வாடகை மெஷினை மிதித்து மிதித்தே இன்று ஷட்டர் போட்ட சொந்தக் கடைக்கு முதலாளி. அவர் தைத்த துணி சரியில்லை என்று ஒருத்தியும் திருப்பிக் கொண்டுவந்ததில்லை. அந்தப் பெயர்தான் அவர் சொத்து.

அதற்கு வேட்டு வைக்க, மாரண்டஹள்ளி பிரியதர்ஷினி தன் கல்யாண ரிசப்ஷனுக்கு என்று ஒரு படத்தோடு வந்தாள். நூறு வருஷத்துக்கு முந்தைய வெளிநாட்டுப் பத்திரிகை ஓவியமாம், ‘ஆர்ட் டெகோ’ பாணியாம். ஒட்டடைக் கோல் மாதிரி ஒரு சீமாட்டி. தோளிலிருந்து நேராக வழியும் பச்சை சாட்டின் கவுன், விசிறி விசிறியாக மணி வேலை, இடுப்புக்குக் கீழே தொளதொளவென்று பெல்ட். அழகுதான், இல்லையென்று சொல்ல முடியாது.

“அளவு ஜாக்கெட்டு எங்க பாப்பா?”

“கவுனுக்கு ஏதுக்கா அளவு ஜாக்கெட்டு? டேப் வெச்சு எடுங்க.”

ராஜாமணிக்குச் சுருக்கென்றது. பழைய ஜாக்கெட்டைத் துணிமேல் விரித்து வெட்டியே பேர் வாங்கியவர் அவர். டேப் பிடிப்பது தொழில் தெரியாதவர்கள் வேலை என்பது அவர் கட்சி. பெண்ணின் தோளை மட்டும் ஜாண் போட்டுப் பார்த்தார். ஃபிளெக்ஸ் கடையில் கொடுத்து, சீமாட்டியின் தோள் அந்த அளவுக்கு வரும்வரை படத்தைப் பெரிதாக்கி அடித்தார். அதையே துணிமேல் விரித்து வெட்டித் தைத்துவிட்டார்.

ரிசப்ஷனுக்கு முதல் நாள் போட்டுப் பார்த்தால், பெல்ட் முழங்காலில் நிற்கிறது, கவுன் கடையையே கூட்டுகிறது.

“ஏம்மா ராஜாமணி, எம்பொண்ணு நாளைக்கி மேடையேறணுமா, சாக்கு ஓட்டம் ஓடணுமா?” என்றார் தாய் நிர்மலாதேவி.

ராஜாமணி ஃபிளெக்ஸைத் தரையில் விரித்தார். சீமாட்டியின் கால் வாசற்படியைத் தாண்டி ரோட்டில் கிடந்தது.

“இத்தினி நீளத்துல எந்த ஊருல பொம்பள இருக்கா?”

“ஸ்டைலுக்காக அப்படி வரைவாங்கக்கா.”

“தோளக் குறுக்கி, ஒடம்ப இழுத்து! தைக்கிறவள நெனச்சானா அவன்?”

“குடும்மா,” என்று நிர்மலாதேவி கை நீட்டினார். “வேற டெய்லரப் பாத்துக்கறோம்.”

ராஜாமணி சடாரென்று ஷட்டரைப் பாதிக்கு இழுத்தார்.

“சரியாவாம இது வெளிய போவாதுங்க. பாப்பா, நிமுந்து நில்லு.”

பெயருக்கு வைத்திருந்த டேப்பைத் தூசி தட்டினார். முணுமுணுத்துக்கொண்டே அளந்தார், பிரித்தார், வெட்டினார், பெல்ட்டை ஏற்றினார். இருட்டுவதற்குள் சாட்டின் பிரியதர்ஷினியின் மேல் நேராக வழிந்தது. கண்ணாடியைப் பார்த்து அவள் சிரித்தாள்.

“இப்பத்தான் கவுனாட்டம் இருக்குது,” என்றார் நிர்மலாதேவி.

ராஜாமணிக்கு அப்போதும் ஆறவில்லை.

“படம் வரஞ்சவன் கையில கெடைக்கட்டும். கத்தரியக் குடுத்து ஒரே ஒரு ஜாக்கெட்டு வெட்டச் சொல்றேன்.”