உப்புப் பார்க்காத ஈரல்

பாலுசாமி கறி சாப்பிட மாட்டார். ஆனால் சூலூரில் நான் குடியிருக்கும் வீட்டின் மாடிப்படிக்கு அடியில், ஒத்தை அடுப்பு வைத்து, ஒன்றுவிட்டு ஒருநாள் ஆட்டு ஈரல் சமைத்தவர் அவர்தான். தான் சாப்பிடாத ஒன்றை ஒருவர் எப்படிச் சமைக்கக் கற்றுக்கொள்வார் என்று பார்க்கும் ஆவல் எனக்கு இருந்தது. மாடியில் குடியிருப்பவன் என்பதால் பார்க்க வசதியும் இருந்தது.

அவர்தான் வீட்டின் சொந்தக்காரர். பல்லடத்துப் பொரிப்பகத்திலிருந்து பண்ணைகளுக்குக் கறிக்கோழிக் குஞ்சு ஏற்றிப் போகும் வண்டி ஓட்டுகிறார். சில வருடங்களுக்கு முன் காங்கயம் சாலையில் அந்த வண்டி கவிழ்ந்தது. குஞ்சுகளில் பாதிக்கு மேல் செத்துப்போயின. அவருக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும். சாலையோரம் உட்கார்ந்தபடியே, இனிமேல் கறியை வாயில் வைப்பதில்லை என்று பழனி முருகனிடம் சொல்லிவிட்டார். அதற்கு முன் கறி சாப்பிட்ட காலத்திலும் ஈரலை மட்டும் தட்டோரம் ஒதுக்கிவிடுவாராம்.

அவர் மனைவி புவனாவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. மாதக்கணக்கில் ரத்தம் போய், மாடிப்படியில் நான்கு படி ஏறினாலே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கட்டியை எடுத்தாக வேண்டும். ஆனால் உடம்பில் ரத்தம் எட்டுதான் இருக்கிறது, பத்துக்கு வந்தால்தான் ஆபரேசனுக்குத் தேதி கொடுப்பேன் என்று கோயமுத்தூர் டாக்டரம்மா சொல்லிவிட்டார். வரவில்லையென்றால் ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும்.

"யாரோட ரத்தமோ எம்பட ஒடம்புக்குள்ள ஓடும்னு நெனச்சாலே தூக்கம் வரமாட்டேங்குதுங்க" என்றார் புவனா. அந்த பயம் அவருக்குக் கட்டியைவிடப் பெரிதாக இருந்தது. ரத்தப்போக்கை நிறுத்த ஒரு மாத்திரை, இரும்புச்சத்துக்கு ஒரு மாத்திரை, கூடவே ஈரல் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஓட்டல் ஈரலின் காரம் வயிற்றை எரித்தது. அடுப்படியில் நிற்க புவனாவுக்குத் தெம்பில்லை. ஒரே மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். ஆகவே பாலுசாமி கரண்டியைக் கையில் எடுத்தார்.

"நேர்த்திக்கு ஆகுமுங்களா?" என்று கேட்டேன்.

"வாயில வெக்கமாட்டேன்னுதானுங்க தம்பி சொன்னேன். கையிலன்னு சொல்லல."

பூசை நடக்கும் வீட்டுக்குள் வேண்டாம் என்று படிக்கடியில் அடுப்பு, தனிக் குக்கர், தனிக் கரண்டி. கோழி ஈரல் விலை குறைவுதான், பல்லடம் பக்கம் கொட்டிக் கிடக்கும். அதை அவர் தொடவில்லை. "காலையில தூக்கிட்டுப் போயி எறக்கி உட்டதுகளோடத எப்படிங்க" என்றார். நசுருதீன் பாய் கடையில் ஆட்டு ஈரல் வாங்கி வந்தார்.

முதல் நாள் படிக்கடியிலிருந்து ஆறு விசில் கேட்டது. பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, சித்த எறங்கி வாங்க. உப்பு மட்டும் பார்த்துச் சொல்லுங்க."

ஒரு துண்டை வாயில் போட்டேன். அது வலக்கன்னத்துக்கும் இடக்கன்னத்துக்கும் போய்வந்துகொண்டிருந்தது, கரையவில்லை. அவர் பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவர் போல என் முகத்தையே பார்த்தார்.

"நல்லாருக்குதுங்க" என்றேன்.

வேறு என்ன சொல்ல முடியும்? இந்த ஊரில் பஸ்ஸில் காலை மிதித்துக்கொண்டு நிற்பவரிடமும், "ஏனுங்க, சித்த காலை நகத்திக்கிறீங்களா" என்றுதான் கேட்பார்கள். புவனாவும் நல்லாருக்குதுங்க என்றார். பக்கத்து வீட்டுக்காரர் ருசி பார்த்துவிட்டு, நல்லா வெந்திருக்குதுங்க என்றார். பாலுசாமிக்குத் தெம்பு வந்தது. அடுத்த தடவை எட்டு விசில் விட்டார்.

ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் ரத்தம் எட்டே கால் கூட வரவில்லை. இன்னும் ஒரு மாதம் பார்ப்போம், அப்புறம் ரத்தம் ஏற்றத்தான் வேண்டும் என்றார் டாக்டரம்மா. வீட்டுக்கு வந்த புவனா சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

பாலுசாமிக்கு ஈரல் மேல் சந்தேகம் வந்தது. அவரோடு நானும் பாய் கடைக்குப் போனேன்.

"பாய், ஈரல் எளசுதானுங்களே?"

"இன்னிக்கு அறுத்ததுங்க. எப்படிச் செய்யறீங்க?"

"உப்பு, காரம் போட்டு எட்டு விசில் உட்டுப்போடறனுங்க."

பாய் கத்தியை எடுத்துத் துணியில் துடைத்தார். மறுபக்கத்தையும் துடைத்தார். "அப்படியும் செய்யலாமுங்க" என்றார்.

திரும்பி வரும்போது பாலுசாமி வண்டியை ஓரங்கட்டினார். "தம்பி, கத்தி சுத்தமாத்தானுங்க இருந்துச்சு. அப்புறம் ஏன் தொடச்சாரு?"

பதிலையும் அவரே சொன்னார்: "என்னமோ தப்பு இருக்குது. ஒருத்தரும் சொல்லமாட்டேங்கறாங்க. எனக்கு நெசம் சொல்றதுக்கு இந்த ஒலகத்துல ஒரே ஒரு ஆளுதான் இருக்குது. அவளக் கூப்பிட்டா மானம் போயிரும்."

அது லோகப்பிரியா, புவனாவின் தங்கை, அன்னூரில் வாழ்க்கைப்பட்டவர். அக்கா கல்யாணப் பந்தலிலேயே மாப்பிள்ளையின் மீசையைக் கிண்டல் செய்தவராம். கொழுந்தியாள் அக்கா புருசனை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. யார் மனமும் நோகாமல் பேசும் ஊரில் அந்த ஒரு உறவுக்கு மட்டும் விதிவிலக்கு. பாலுசாமி ரொம்ப நாளாக அவர் எதிரில் அகப்படாமல் தப்பித்து வந்தார். அன்றைக்கு அவரே போன் போட்டார்.

"லோகு, நாளைக்கு வந்துட்டுப் போ. ஒண்ணு செஞ்சு வெக்கறேன். தின்னுபோட்டு வாய்க்கு வந்ததச் சொல்லு."



"என்ன வேணாலும் சொல்லலாமுங்களா மாமா?"

"சொல்லு."

இரண்டு பஸ் மாறி வந்து இறங்கினார் லோகப்பிரியா. வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒரு துண்டை மென்றார். மென்றுகொண்டே இருந்தார். கடைசியில் கையில் எடுத்து வைத்துப் பார்த்தார். "மாமா, இத பாய் கடையில வாங்குனீங்களா, பஞ்சர் கடையில வாங்குனீங்களா?"

பாலுசாமி துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஏக்கா, நீ இதத் தின்னயா?"

"ரெண்டு துண்டு" என்றார் புவனா, தலையைத் தூக்காமல்.

"மிச்சம்?"

கேட்டருகே படுத்திருந்த செவலை நாய், தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று தெரிந்தது போல எழுந்து வாலாட்டியது. லோகப்பிரியா அதை மேலும் கீழும் பார்த்தார்.

"மாமா, ரத்தம் பார்க்கறதுக்கு நீங்க தப்பான ஆளக் கூட்டிட்டுப் போயிருக்கறீங்க. இதக் கூட்டிட்டுப் போங்க. பதினஞ்சு காட்டும்."

புவனா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

பாலுசாமிக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். காற்று இறங்குவது எந்தச் சக்கரத்தில் என்று கண்டுபிடித்துவிட்ட டிரைவரின் முகம்தான் இருந்தது. "வேற?" என்றார்.

"கவுச்சி அடிக்குது."

"வேற?"

அப்போதுதான் புவனா மெதுவாகச் சொன்னார்: "சித்த கசக்குதுங்க."

அவர் தன் கணவரைப் பற்றிக் குறை சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கொழுந்தியாளைப் பார்த்திருந்த பாலுசாமி நாற்காலியை மனைவி பக்கம் திருப்பிப் போட்டார்.

எப்படிச் செய்யணும் என்று கேட்டதற்கு, "எனக்குத் திங்கத்தானுங்க தெரியும் மாமா, ஆக்கறது மாமியா" என்று கைவிரித்துவிட்டார் லோகப்பிரியா. பாலுசாமி மறுபடியும் பாய் கடைக்குப் போனார்.

"பாய், எம்பட கொழுந்தியா பஞ்சர் கடைன்னு சொல்லிப்போட்டா."

பாயின் முகத்திலிருந்து பெரிய பாரம் இறங்கியது. "அப்ப நானும் சொல்லலாமுங்களா?" என்று ஆரம்பித்தார். மேலே இருக்கும் மெல்லிய தோலை உரிக்கணும். பித்தப்பை பட்டுப் பச்சையான இடத்தைச் சீவி எறியணும், கசப்பு அதுதான். குக்கரை மறந்துவிடணும். வாணலி நல்லாக் காய்ந்ததும் போட்டு, உள்ளே வெந்ததும் எடுத்துவிடணும். உப்பு கடைசியில்.

கடைசியில் என்றால் எப்போது? அங்கேதான் பாலுசாமிக்கு இடைஞ்சல். வாயில் வைக்காதவருக்குக் கண்ணும் விரலும்தான் உண்டு. வாணலிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டேயிருப்பார். சிவப்பு மாறி, கரண்டியால் அழுத்தினால் ஊறி வரும் நீரில் ரத்த நிறம் மறைந்ததும் இறக்குவார். சின்ன வெங்காயம், மிளகு, தேங்காய்ச் சில்லு, மேலே பாதி எலுமிச்சம்பழம். லோகப்பிரியா அன்னூரிலிருந்து வீடியோ காலில் எட்டிப் பார்த்து, "மாமா, இன்னுஞ் சித்த நேரம் வெச்சீங்கன்னா நாயிக்குத்தான்" என்று மிரட்டுவார். தட்டைக் கொடுத்த பிறகு பாலுசாமி நல்லாருக்குதா என்று கேட்பதை விட்டுவிட்டார். எதிரில் உட்கார்ந்து புவனாவின் தாடையை மட்டும் பார்ப்பார். அது எத்தனை நேரம் அசைகிறது, எங்கே நிற்கிறது. சொல்லைவிட அது தெளிவாகப் பேசியது. சாப்பிட்டதும் டீ குடிக்க வேண்டாம், ஒரு மணி நேரம் போகட்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்ததால், டீக் குண்டாவை ஒளித்து வைத்துவிடுவார். அதற்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் சண்டை.

உப்புப் பார்க்க நானும் இறங்கிப் போவேன். இப்போது துண்டு நாக்கில் மாவாகக் கரைந்தது. நாய் சில நாள் காத்திருந்து பார்த்துவிட்டு அடுத்த வீதிக்குப் போய்விட்டது. புவனா ஒரு சாயந்திரம் மாடிக்கு ஏறி வந்து துணி எடுத்தார். கைப்பிடியைத் தொடவில்லை.

அந்த மாதம் ரத்தம் பத்தைத் தாண்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் நடந்ததைத் திரும்பி வந்ததும் பாலுசாமி வண்டியிலிருந்து இறங்காமலே சொன்னார். டாக்டரம்மா சந்தோசமாகி, ஈரல் யார் செய்தது என்று கேட்டிருக்கிறார். புவனா இவரைக் காட்டியிருக்கிறார்.

"நல்லா செய்வீங்களான்னு எங்கிட்டக் கேட்டாங்க தம்பி. எனக்குத் தெரியாதுங்க, நான் தின்னதில்லைங்கன்னேன். உடனே இவளப் பார்த்தாங்க."

பக்கத்து இருக்கையில் புவனா ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சொன்னாங்க?" என்றேன்.

"உப்புதானுங்க, ஒரு நாளும் சரியா விழுகலைன்னுபோட்டா. டாக்டரம்மாகிட்ட." அவர் என் பக்கம் திரும்பினார். "நெசமாவா தம்பி? ஒரு நாளுமா?"

புவனாவும் இப்போது என்னைப் பார்த்தார்.

"கொஞ்சம் கம்மிதானுங்க" என்றேன்.

பாலுசாமி ஸ்டியரிங்கில் தட்டித் தட்டிச் சிரித்தார். புதன்கிழமை ஆபரேசன் என்று தேதி கொடுத்திருந்தார்கள். அந்த வாரம் லோடுக்கு வேறு ஆள் பார்க்கச் சொல்லிப் பொரிப்பகத்துக்குப் போன் போடும்போதும் அவர் சிரிப்பு அடங்கியிருக்கவில்லை.