ஒழுகாத கூரை

அண்ணனைத் தெருவே 'இன்ஜினியர்' என்றுதான் கூப்பிடும். முப்பது வருடம் சினிமா தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழித்தவர். யார் வீட்டில் சுவர் எழும்பினாலும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு போய் நின்று குறை சொல்வார். கிண்டலுக்கு வைத்த பேர் அது. அவருக்கு மட்டும் இன்றுவரை விளங்கவில்லை.

பெற்றோர் விட்டுப்போன வீட்டில் கீழ்த்தளம் அவருக்கு, மேல்தளம் தங்கைக்கு. கூரை ஒழுகினால் நனைவது தங்கை, கூரையைப் பற்றிப் பேசுவது அண்ணன். புருஷன் போனபிறகு அவளுக்குச் சோறு போடுவது தையல் மெஷின்தான். வருடா வருடம் மழைக்கு முன்னால் அவள் கேட்பது மூன்றே வேலை: மொட்டை மாடியைக் கூட்டணும், தண்ணீர் இறங்கும் குழாய் வாயில் சேர்ந்த சருகை அள்ளணும், கைப்பிடிச் சுவரோரம் விட்ட விரிசலைப் பூசணும். அரை நாள் வேலை. அவளே துடைப்பத்தோடு ஏறினாலும் விடமாட்டார். "உனக்கென்ன தெரியும்? எல்லாம் முறைப்படி செய்யணும்." முறை வருவதற்குள் மழை வந்துவிடும். அவள் வாளியும் குண்டானுமாக வீடு முழுக்க அலைவாள்.

இந்த வருடம் ஐயா நிஜமாகவே செய்துவிட்டார். போனில் நாள் முழுக்க வீடியோ பார்த்து, விரிசலைப் பூசி, மேலே வெள்ளைப் பூச்சும் அடித்து, கடைசியில் "இனிமேதான் சோதனை" என்றார். இரண்டு குழாய் வாயிலும் சாக்கைத் திணித்து அடைத்தார். கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நிறுத்தினார். இரண்டு நாள் தங்கை வீட்டுக்குள் அண்ணாந்து பார்த்தபடியே நடந்து, அவளுடைய ஊசி டப்பாவைக்கூட மிதித்தார். ஒரு சொட்டு இல்லை! மாடியில் நின்ற தண்ணீரைப் போட்டோ எடுத்துச் சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் அனுப்பினார். பாராட்டு வந்து குவிந்தது. அந்த மிதப்பில் சாக்கை எடுக்க மறந்தார். தண்ணீரை வெயில் காயவைத்தது. மாடிக் கதவைச் சாத்திவிட்டு இறங்கிய மனுஷன் அப்புறம் மாடிப்பக்கமே போகவில்லை.

தங்கையும் போகவில்லை. அவளுக்குத் தலைக்கு மேல் வேலை. பள்ளிக்கூடச் சீருடை ஆர்டர் முதல்முறையாகக் கிடைத்திருந்தது. ஒழுங்காகக் கொடுத்தால் இனி வருடா வருடம் அவளுக்கே என்று சொல்லியிருந்தார்கள். தைத்து முடித்ததை வீட்டுக்குள்ளேயே, மொட்டை மாடிக்கு ஏறும் படிக்கட்டு ஓரம் பாய் விரித்து அடுக்கியிருந்தாள், வெள்ளைச் சட்டையும் சிவப்புப் பாவாடையுமாக.

பட்டன் வாங்கக் கடைக்குப் போன மத்தியானம் மழை கொட்டித் தீர்த்தது. அடித்துப் பிடித்துத் திரும்பினால், மாடிப்படி வழியாகத் தண்ணீர் தடதடவென்று இறங்கிக்கொண்டிருக்கிறது. மேலே ஓடினாள். மொட்டை மாடி தெப்பமாக நின்றது; வெளியேற வழியில்லாத தண்ணீர் கதவுக்கடியில் புகுந்து வந்தது. கையை விட்டுத் துழாவி இரண்டு சாக்கையும் பிடுங்கி எறிந்தாள். கீழே வந்து பார்த்தால் பாவாடைச் சாயம் இறங்கி, சட்டை பூராவும் திட்டுத் திட்டாகச் சிவப்பு.

சத்தம் கேட்டு அண்ணன் ஏறி வந்தார். முதல் காரியமாக அண்ணாந்து பார்த்தார்.

"கூரை ஒழுகலையே!"

"அண்ணா, சாக்கை எடுத்தியா நீ?"

"அது வேற விஷயம். தண்ணி வாசல் வழியாத்தான வந்திருக்கு? என் வேலையில குத்தம் சொல்லாத."

அவள் நனைந்த சட்டைகளைப் பிழிய உட்கார்ந்தாள். அந்த ஜென்மத்தோடு பேசி என்ன ஆகப்போகிறது?

மறுநாள் காலை பள்ளிக்கூடத்துக் கிளார்க் துணி எடுக்க வந்தார். அண்ணனும் வந்து சட்டமாக நாற்காலியில் உட்கார்ந்தார். தங்கை ஒரு சட்டையை விரித்துக் காட்டினாள்.

"என்னம்மா இது? திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்குது!"

"எங்கண்ணனையே கேளுங்க சார். கூரையெல்லாம் அவர் பொறுப்பு."

அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "கூரை சுத்தமா ஒழுகலை சார். சோதனை பண்ணிப் பார்த்திருக்கேன். போட்டோ இருக்கு, காட்டட்டுமா?"

"ஒழுகலைன்னா சட்டை எப்படிங்க நனைஞ்சுது?"

அண்ணன் வாயைத் திறந்தார், மூடினார். அப்புறம் தரையைப் பார்த்தார்.

பள்ளிக்கூடம் கொடுத்திருந்த துணியில் வெட்டாமல் மிச்சம் கிடந்ததைக் கிளார்க் எண்ணி மூட்டை கட்டினார். "வேற ஆளைத்தான் பாக்கணும், தப்பா நினைக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பிறந்ததிலிருந்து அண்ணன் பேச்சற்று உட்கார்ந்து அவள் பார்த்ததே இல்லை. அதைப் பார்க்க அவளுக்கு ஒரு பள்ளிக்கூடமே செலவாகியிருந்தது.